பார்த்தவருக்கும் நார்சா

சிதம்பரம்

கடலூரில் சமையல் சேனல் நடத்தும் அன்பு மகள் தஹ்ஸீனுக்கு வாப்பா நூர்முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்பதை வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டோம். கமெண்டில் எழுதினால் ஊருக்கெல்லாம் போடுகிற அதே இதயத்தை எனக்கும் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஆன்லைனில் பார்க்கிறவர்களுக்குக் கூலி தரவேண்டும் என்பது என் முடிவு. நம் வீட்டில் நபி புகழ் பாடி மவ்லூது ஓதினால் ஓதுகிற ஹஜ்ரத்துக்கு மட்டுமா கொடுக்கிறோம்? வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டவருக்கும் நார்சா என்று இனிப்புப் பொட்டலம் கொடுத்துத்தானே அனுப்புகிறோம்? அந்த நியாயப்படி, உன் பிரியாணி வீடியோவைக் கடைசிவரை பார்ப்பவருக்குப் பூந்திப் பொட்டலம் என்று நம் கடை வாசலில் சொல்லிவைத்தேன், வந்தது வினை. பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் பாதி இங்கே வந்துவிட்டது, ஆட்டோக்காரர்கள் போனை ஓடவிட்டு என் மேஜையில் வைத்துவிட்டுச் சவாரி போய் வந்து பூந்தி கேட்டார்கள், ஒருவர் வேறு யாரோ மீன் கழுவுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு நின்றார், பூந்தி தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கடைப் பக்கிரியிடம் மிக்சர் வாங்கப் போனால் அவன் கேட்கிறான், "மாமா, பாத்தவுங்களுக்கெல்லாம் நீங்க குடுக்குறீங்க. எங்க எல்லாரையும் விட ஜாஸ்தி பாக்குறது நீங்கதான். ஒங்களுக்கு யாரு குடுக்கப்போறா?" மிக்சரை வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் மகளே.

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே கடலா கிடக்கிறது? எந்நேரமும் பஸ் ஓடுகிறது. போன மாதம் நானே வந்தேன். "வாப்பா, சத்தம் போடாம உக்காருங்க, ரெக்கார்டிங் போவுது" என்றாய். உன் அடுப்படியிலேயே உன்னை வேடிக்கை பார்த்துவிட்டுக் ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். "ஹாய் மக்களே" என்று நீ சிரிக்கும்போது அந்த மக்களில் ஒருவனாக நானும் இங்கே தலையாட்டுகிறேன். ஆகவே என் கூலியைக் கேட்கிறேன். ஒரு நாள் போனை அங்கேயே வைத்துவிட்டு வா. என் முகத்தைப் பார்த்துப் பேசு. உன்னைப் பார்க்க ஏக்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் சலாம். உன் கைக்கும் அடுப்புக்கும் அல்லாஹ் பரக்கத் தருவானாக.

உன் வாப்பா,
நூர்முகம்மது

பி.கு.: இதைப் படித்த உன் உம்மா ரசியா, "கூலி கீலின்னு எழுதி, புள்ள மனசு நொந்து வீடியோ போடறத நிறுத்திட்டா அது மொகத்த எங்க போய்ப் பாப்பீங்க?" என்கிறாள். எனவே மேலே கேட்டது அத்தனையும் ரத்து. நீ வராவிட்டாலும் பரவாயில்லை. வீடியோ மட்டும் தவறாமல் போடு.