இரண்டு டப்பா, நான்கு முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை காலை. மார்லிஸ் சர்ச்சுக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் புருஷன் ஆர்லன், அவள் மாத்திரைகளைத் தன் டப்பாவுக்கும் தன்னுடையதை அவள் டப்பாவுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் முதல் திருட்டு!

எல்லாம் இருவருக்கும் முழங்கால் படுத்தும் பாடு. மினசோட்டாவில் அவர்கள் ஊர் சர்ச்சில் புது வலி மாத்திரையைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். இவர்களையும் சேர்த்து இருபது தம்பதிகள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நர்ஸ் டோரீனுக்கே தெரியாது.

"மாவு வந்தவன் கதி?" என்று அன்றே கேட்டார் ஆர்லன்.

"பின்னால வரப்போற லட்சம் பேருக்கு உதவும்ல?" என்றாள் டோரீன்.

"லட்சம் பேரா வந்து என் பொண்ணு கல்யாணத்துல போல்கா ஆடப்போறாங்க?"

ஜூனில் கல்யாணம். மகள் கிர்ஸ்டியோடு ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான் அவர் ஆசை. அவர் காலோ மடங்கவில்லை. மார்லிஸ் பேஸ்மென்ட் படியில் குதித்து ஏறுகிறாள். நிஜ மருந்து யாரிடம் என்று சொல்லவும் வேண்டுமா?

மாற்றிய நாலாம் நாளே வலி பறந்துவிட்டது. பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு அதற்கு முன்னால் பெருக்கிக்கொண்டே ஓடும் கர்லிங் ஆட்டத்தில் துடைப்பத்தோடு ஓடினார் மனுஷர். வீட்டுக்கு வந்தால் மார்லிஸ் நொண்டிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

அந்த ஊரில் கால் ஒடிந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆர்லனுக்கு மனசு கேட்கவில்லை. அவளிடமிருந்து துணிக்கூடையைப் பிடுங்கினார்.

"நான் என்ன கிழவியா?" என்று வீம்புக்கு இரண்டு கூடையாகத் தூக்கி, இன்னும் அதிகமாக நொண்டினாள். அவள் உட்காரட்டும் என்று தானே சமைத்துக் கருக்கினார். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்ட ஒரு மணி நேரம் நின்றாள்.

அடுத்த பரிசோதனையன்று, மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆர்லன் டோரீன் முன்னால் உடைந்தே போனார்.

"மாத்திரையை மாத்திட்டேம்மா! என் ஆட்டத்துக்காக இவளை நொண்டியாக்கிட்டேன். அந்த லட்சம் பேருக்கும் துரோகம் பண்ணிட்டேன்."

மார்லிஸ் எழுந்தே விட்டாள். "எப்போ மாத்தினே?"

"ஞாயித்துக்கிழமை காலைல."

"அட கடவுளே! நீ ஆடணுமேன்னு சனிக்கிழமையே நான் மாத்தி வச்சேனே!"

அப்படியானால் அவரவர் மாத்திரை அவரவருக்கே திரும்பிவிட்டது! ஆர்லன் தன் முழங்காலையே சந்தேகமாகப் பார்த்தார்.

டோரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இந்த வாரம் பத்தொன்பது ஜோடி இதே நாற்காலில உக்காந்து, 'பாவமா இருந்துச்சு, மாத்திக் குடுத்துட்டேன்'னு அழுதாங்க. இந்த ஊர்லயே சொன்னபடி ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டது நீங்க ரெண்டு பேர்தான்!"