தீர்த்தத்தைத் துடைத்தவர்

கடலே இல்லாத ஊரில் நின்றுகொண்டு கடலோடு விடாமல் போரிட்ட மனிதர் உலகில் ஒருவர்தான். அவர் அனுமந்தன்பட்டியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ‘உப்புக்காத்து’ என்று கேட்டால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும்.

இளமையில் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் லாரி ஓட்டியவர். அங்கே உப்புக்காற்று பட்டு அவருடைய முதல் மோட்டார் சைக்கிளைத் துரு தின்றுவிட்டது. ஒருநாள் சைலன்சர் சாலையிலேயே தங்கிவிட, மீதி வண்டி மட்டும் வீடு வந்து சேர்ந்ததாம். அந்தத் துக்கத்தோடு ஊர் திரும்பிப் புது வண்டி வாங்கினார். ஆடிக்காற்று கணவாய் வழியே இறங்கும் நாட்களில் வாசலில் நின்று நாக்கை நீட்டிக் காற்றைச் சுவைத்துப் பார்ப்பார்.

“கேரளாவுக்கு அங்கிட்டு என்ன டீச்சர் இருக்கு?”

“கடல்தான். ஆனால் நடுவில் இவ்வளவு பெரிய மலை நிற்கிறதே!”

“மழை மட்டும் மலையத் தாண்டி வருதுல்ல? உப்புக்கு மட்டும் செக்போஸ்ட் போட்டு நிறுத்துறாகளாக்கும்?”

நான் புவியியல் ஆசிரியை. அன்று அதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

திராட்சைக்கு மருந்தடிக்கவென்று வாங்கிய புதுப் பம்பில் நல்ல தண்ணீர் நிரப்பி, வண்டியின் அடிவயிறுவரை பீய்ச்சிக் கழுவுவார். ஈரம் போகத் துடைப்பார். செயினுக்கு கிரீஸ், மற்ற இடமெல்லாம் எண்ணெய்த் துணி.

“எந்தலைக்கு வைக்க ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. அம்புட்டையும் அவுக வண்டி குடிச்சிருச்சு” என்பார் அவர் மனைவி செசிலி அக்கா.

மாதா கோயில் திருவிழாவில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி மந்திரிப்பது வழக்கம். ஒருமுறை பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து முடிக்குமுன்பே, உப்புக்காத்து இடுப்பிலிருந்து துணியை உருவிப் பெட்ரோல் டேங்கைத் துடைத்தார். சாமியார் தெளிப்பதை நிறுத்தினார்.

“என்னய்யா, ஆசீர்வாதத்தையே தொடைக்கிறீரு?”

“ஆசீர்வாதம் அப்பவே உள்ள எறங்கிருச்சு சாமி. தண்ணியில உப்புப் போட்டுத்தான மந்திரிப்பீக? அந்த உப்ப மட்டுந்தான் எடுக்குறேன்.”

அப்படிப்பட்டவரின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாயிற்று. தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் உடனிருந்தேன். இரண்டு உயிரில் எது தங்கும் என்று தெரியாத நேரம். செசிலி அக்கா ஜெபமாலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, “ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடு மாதாவே. அவுக வண்டியிலேயே வேளாங்கண்ணிக்கு வந்து கும்பிடுறோம்” என்று வேண்டினார்.

நான் திடுக்கிட்டு அவர் கணவரைப் பார்த்தேன். வேளாங்கண்ணியில் கோயிலுக்கு எதிரிலேயே கடல்.

உப்புக்காத்து கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கடலுக்குள்ளயே எறக்குறேன் ஆத்தா. எம்புள்ளையக் குடு” என்றார்.

பொழுது சாய்வதற்குள் கதவு திறந்தது. தாயும் நலம், பெண் குழந்தையும் நலம். வராந்தா முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது போலிருந்தது.

மகளும் பேத்தியும் வீடு வந்து தேறியதும் இருவரும் வண்டியில் புறப்பட்டார்கள். திரும்பி வந்தபோது சக்கரக் கம்பிகளில் மணல் ஒட்டியிருந்தது. டேங்கின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பம்பைத் தேடுவார் என்று தெருவே வாசலில் நின்றது.

“கண்ணு முழிச்சிருக்காளா?” என்று கேட்டபடி, சாவியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினார்.

வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. உள்ளே குழந்தையின் அழுகையும் அவருடைய தாலாட்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. நான் பம்பில் நல்ல தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, வண்டியின் அடிவயிறுவரை கழுவத் தொடங்கினேன்.