சக்கரம் சாரின் இடது கால்

பம்பாய் செம்பூரில் பஸ் வரிசையில் நிற்பதைத் தன்மானக் குறைவாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் சக்கரம் சார்தான். எண்பதுகளின் கடைசியில் என் எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். ரிட்டயராக ஒரு வருஷம் இருந்தது. சோர் பஜாரில் கனத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார். அதன் அடியில் திருகி மாட்ட, ஒரே வரிசையில் நாலு சக்கரம் கோத்த இரும்புச் சட்டம் இரண்டைத் தாராவிப் பட்டறையில் செய்துகொண்டார்.

"ஆபீசுக்கு இனி இதிலேதான்."

பட்டறை பாய் சொல்லி அனுப்பியிருந்தார்: "திருகாணியை லூசா விட்டுட்டு, பூட்ஸைப் போட்டு நில்லுங்க. பின்னாலேர்ந்து ஒருத்தர் பாக்கணும். சட்டம் குதிகாலுக்கு நட்டநடுவுல இருந்தா அப்புறம் இறுக்குங்க."

பின்னாலிருந்து பார்க்க ஒருத்தர். அவரிடம் இல்லாத உதிரிபாகம் அது ஒன்றுதான்.

சவரக் கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து, ஸ்டூலைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். கூடவே காலும் திரும்பியது. ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கீழ்வீட்டு மாமி ஓடிவந்தாள்.

"உங்காத்துல பீரோ விழுந்துதா?"

"இல்லை, நான்தான்" என்றார் பணிவாக.

தினமும் காலையில் மாடிப்படியில் என்னை மறிப்பார். "ஓய், ஒரு நிமிஷம் பின்னால பாருமேன்." எனக்கு எட்டு இருபது லோக்கல் ரயில். "நாளைக்கு சார்."

ஒரு ஞாயிறு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து, என் வாசலிலேயே மாட்டி, கதவைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றார். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஏக்தம் சீதா. நேரா இருக்கு, இறுக்குங்கோ."

இறுக்கினார். அன்று மாலை காம்பவுண்டு கேட்டை நோக்கிக் கிளம்பியவர், இடப்பக்கம் வளைந்து தண்ணீர்த் தொட்டியில் முட்டினார். மறுநாளும் தொட்டி.

"தொட்டிக்குத்தான் போறேள்னா நடந்தே போலாமே" என்றாள் மாமி. நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் பழகியும் கேட்டை எட்டவில்லை. "சட்டம் நேர்தான், நீரே பார்த்தீரே. என் இடது கால்தான் கோணல்" என்றார். மறுபடி பஸ் வரிசையில் போய் நின்றார்.

ரிட்டயராகி ஊருக்குப் போன அன்று பூட்ஸை என்னிடம் தந்தார். "உமக்கு நேரான கால். ஓடும்."

ஆட்டோ போன பிறகுதான் பூட்ஸைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். இடது சட்டம் நடுவை விட்டு அரை விரல் விலகியிருந்தது. விலாசம் இருந்தும், வெட்கத்தில் நான் எழுதவில்லை.

இப்போது நானும் தனி. போன வாரம் அந்தத் திருகைத் தளர்த்தி, சட்டத்தை நடுவுக்குத் தள்ளி இறுக்கினேன். ஐந்து நிமிஷ வேலை.

உங்கள் கால் நேர்தான் சார். நான்தான் பார்க்கவில்லை.