செப்புக் குழாயும் என் வலது கையும்

பொய் சொல்ல வாய் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் என் வலது கையைப் பார்த்ததில்லை. ஒரு குப்பத்தையே நான் ஏமாற்றியபோது வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும்தான் நீட்டினேன். (வாயைத் திறந்தது அதற்கப்புறம். அது இன்னும் கேவலம்.)

அப்போது நான் இயற்பியல் பட்டதாரி. சரியாகச் சொன்னால், இரண்டு தாள் பாக்கி வைத்திருந்த பட்டதாரி. அந்த இரண்டு தாள் விஷயம் எனக்கும் என் அக்கா தனத்துக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் ரயிலேறிச் சென்னைக்குப் போய் சயின்ஸ் படித்து வந்த பிள்ளை. ரிப்பேரான மிக்சியை எல்லாம் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "மோட்டார்ல பிராப்ளம்" என்பேன். மிக்சியில் வேறு என்ன இருக்கிறது?

அந்த வருடம் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மண் மேடிட்டுப் பாதி அடைத்துக்கொண்டது. கடல்தண்ணீர் உள்ளே ஏறினால்தான் இறால் வரும், இறால் வந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. மண்ணை வாரித் தரச் சொல்லி ஒரு மனு எழுதி, குப்பம் மொத்தமும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பகுதித் தலைவர், அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர், தானே கொண்டுபோய்க் கலெக்டரிடம் கொடுப்பதாக வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் ஒரு விருந்தாளியோடு வந்தார். விருந்தாளி பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவர். என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, ஆசையாகத் தன் முட்டிவலியைச் சொல்ல ஆரம்பித்ததும், தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று நகர்ந்துவிட்டார். அவரிடம் ஏழு செப்புக் குழாய்கள் இருந்தன. அவற்றை ஏரிச் சேற்றில் நட்டால் பிரபஞ்ச சக்தி பாய்ந்து முகத்துவாரம் தானாகவே திறந்துகொள்ளுமாம். மனு இனித் தேவைப்படாது என்று தலைவர் சொன்னார். (மனுவோடு போட்டோ எடுத்தால் நன்றாக இருக்காது. குழாய் பளபளவென்று இருந்தது.)

மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம். அங்கங்கே முணுமுணுப்பு எழுந்ததும் தலைவர் என்னைப் பார்த்து, "நம்ம விஞ்ஞானி தம்பி மேல வரட்டும்" என்றார். விஞ்ஞானி! என்னை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கால் தரையில் படாமல்தான் மேடைக்குப் போனேன்.

டாக்டர் என் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். மணிக்கட்டில் கை வைத்து அமுக்கினார். கை விழுந்தது. பிறகு இடது கையில் குழாயைக் கொடுத்துவிட்டு மறுபடி அமுக்கினார். கை அசையவில்லை. கூட்டம் கைதட்டியது.

ஆனால் இரண்டாவது முறை அவர் அமுக்கியது மணிக்கட்டில் இல்லை, முழங்கைக்கும் மேலே, தோளை ஒட்டி. தோளுக்குப் பக்கத்தில் அமுக்கினால் எவன் கையும் சுலபத்தில் இறங்காது. நெம்புகோல் பாடம், ஒன்பதாம் வகுப்பு. அதில் எனக்குப் பாக்கி எதுவும் இல்லை. தெரிந்துகொண்டேதான் சும்மா நின்றேன். அதற்குள் தோளில் சால்வை வேறு விழுந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த நைனா எழுந்து, "நீ படிச்சவன். நீ சொல்லுடா, நடலாமா?" என்று கேட்டார். எனக்கு அதிர்வெண், நானோ, காந்தப்புலம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கலந்து ஐந்து நிமிடம் பேச வந்ததே தவிர, வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஏரியிலேயே சக்தி மிகுந்த இடம் எது என்று டாக்டர் கேட்டார். எங்கள் ஆட்கள் வெள்ளந்தியாகப் பாடு இடத்தைக் காட்டினார்கள். நீரோட்டம் நன்றாக உள்ள இடம் அது. அதனால் இன்று யார் அங்கே வலை கட்டுவது, நாளை யார் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்போம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தண்ணீருக்குள் எதை நட்டாலும், வலை மாட்டாமலிருக்க மேலே அடையாளக் கொம்பு கட்டுவது எங்கள் வழக்கம். கொம்பு கட்டினால் சக்தி கசிந்துவிடும் என்றார் டாக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். பரம்பரை பரம்பரையாகக் கொம்பு கட்டியவர்கள், என் தலையாட்டலை நம்பி ஏழு குழாயையும் கொம்பில்லாமலே நட்டார்கள்.

சீட்டில் முதல் பாடு நைனாவுக்கு விழுந்தது. இறால் வருகிறதோ இல்லையோ, வலை இழுக்கும்போது கனமாக இருந்தது என்று சந்தோஷப்பட்டாராம். அப்புறம்தான் கிழிகிற சத்தம் கேட்டது. பெரிய வலை, நடுவில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. அன்று அவர் கரைக்குக் கொண்டுவந்தது ஒரு செப்புக் குழாய் மட்டும்.

மறுநாள் அதே கொட்டகை. வலை பட்டதால்தான் சக்தி கெட்டது, தப்பு வலைக்காரர் மேல் என்று டாக்டர் சொன்னார். நிரூபிக்க மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். கையை நீட்டி, குழாயைப் பிடித்து, நின்றேன். அப்போது அக்கா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக மேடையேறினாள்.

"இரு சார், நான் அமுக்குறேன். அன்னிக்கு மணிக்கட்டுல ஒரு தபா அமுக்குன, தோளாண்ட ஒரு தபா அமுக்குன. தோணி தள்ற எங்களுக்குக் கோலை எங்கப் புடிச்சா எவ்ளோ பாரம்னு தெரியாதா?"

மணிக்கட்டில் ஒரே அமுக்கு. கை மட்டும் இல்லை, நானும் சேர்ந்து கீழே போனேன். அக்காவின் மீன்கூடையில் முகம் பதிந்தது. நிமிர்ந்தபோது சால்வையில் காரப்பொடி மீன் ஒட்டியிருந்தது. கொட்டகை சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆனது. டாக்டர் அந்தச் சிரிப்பிலேயே கார் ஏறிவிட்டார்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கே தெரியுமாடா உனக்கு?" என்றார்.

"தெரியும் நைனா."

அவர் வலையை மடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புது மனுவை நானே எழுதினேன், நானே வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டிலும் முதலில் பேனாவைத் தொடவில்லை. "கைய நீட்டு" என்றார்கள். நீட்டினேன். பாட்டிமார் முதல் பால்வாடிப் பிள்ளைகள் வரை அமுக்கிப் பார்த்து, அது விழுந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். மண் வாரும் இயந்திரம் வந்தது. ஆனால் பருவம் முடிந்த பிறகு வந்தது. அந்த வருடத்து இறாலை எங்கள் குப்பம் பிடிக்க முடியாததற்கு நானும் ஒரு காரணம்.

இப்போது நான் பள்ளியில் அறிவியல் வாத்தியார். (அந்த இரண்டு தாளும் பாஸ்.) அன்று நைனா கரைக்குக் கொண்டுவந்த குழாய் எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொம்பாகத் தொங்குகிறது. போன மாதம் அதே தலைவர், தலை நரைத்து, வந்தார். ஏதோ காந்தத் தண்ணீர்த் திட்டம் திறக்கிறாராம். சயின்ஸ் வாத்தியார் மேடையில் ரெண்டு வார்த்தை பேசினால் போதுமாம். அவர் போனதும், சும்மா போய் நின்றுவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன்.

நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் ஏழு வயது மகள்தான் எழுந்து வந்தாள்.

"கைய நீட்டுப்பா."

நீட்டினேன். சரியாக மணிக்கட்டைப் பிடித்தாள்.