முப்பத்தொன்பதாவது படம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவி மல்லிகா கண்டுபிடித்துவிட்டாள், அதற்கப்புறம் யாரிடம் மறைக்க? பால்காரர் ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பேன். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். (நாலாவது தடவை, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து.) ஆனால் என் சந்தேகம் முழு வளர்ச்சி அடைந்தது கேமரா விஷயத்தில்தான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பத்து வருஷமாகப் படம் எடுத்துப் பழக்கம். ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பிலிமை ஒழுங்காகக் கழுவமாட்டார்கள் என்று சந்தேகம், அதனால் எங்கள் குளியலறையையே இருட்டறையாக்கியிருந்தேன். (ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகா பக்கத்து வீட்டில் குளித்தாள்.) கடையில் விற்கும் அலுமினிய ஸ்டாண்டு காற்றுக்கு ஆடும் என்று சந்தேகம், அதனால் சங்கராபுரத்து ஆசாரி ஒருவரிடம் வேங்கை மரத்தில் மூன்று கால் இழைக்கச் சொல்லி, ஒவ்வொரு காலின் அடியிலும் அரைச் சாண் இரும்பு முனை வைத்துக்கொண்டேன். ஆசாரி முனையைத் தீட்டிக் கொடுக்கும்போதே கேட்டார்: "காட்டுப் பன்னிக்கா சார்?"

பிலிம் கம்பெனி மேலும் சந்தேகம் உண்டு. பெட்டியில் முப்பத்தாறு படம் என்று போட்டிருக்கும். உள்ளே இன்னும் இரண்டு படத்துக்கு இடமிருக்கிறது, நாம்தான் ஏமாறுகிறோம் என்பது என் கட்சி. ரோலை மாட்டும்போது எல்லோரும் பிலிமின் நுனியைத் தாராளமாக இழுத்து, எதிர்ப்பக்கச் சுருளியில் சொருகி, இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடியைச் சாத்துவார்கள். நான் நுனியைப் பட்டும் படாமலும் சொருகிச் சாத்திவிடுவேன். மிச்சம் இரண்டு படம். இந்த வித்தையை நண்பர்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த மாதம் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். "ஒரே ஆள் வெச்சிருந்தது சார், புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தை போதாதா? டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை பார்த்தேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் தென்படவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. லென்ஸின் கூர்மையைச் சோதிக்க எங்களைப் போன்றவர்கள் ஒரு வழி வைத்திருப்போம். செய்தித்தாளை விரித்துப் பிடிக்கச் சொல்லி, லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தைப் படிப்படியாகக் குறுக்கி, ஒவ்வோர் அளவிலும் ஒரு படம் எடுப்பது. பொடி எழுத்து ஓரம் வரை படிக்க வந்தால் லென்ஸ் நல்லது.

செய்தித்தாளைப் பிடிக்க ஆள் வேண்டுமே. மல்லிகாவின் தம்பி தனபால் அப்போது எங்கள் வீட்டில் இருந்தான். நாலு வருஷம் காத்திருந்து, திருநாவலூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வாங்கியிருந்தான். வியாழக்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, "மலைக்குப் போலாம் வாடா, அருவியில தண்ணி ஜாஸ்தியா இருக்குதாம்" என்று கூப்பிட்டேன். அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மரங்கள் சாய்ந்தன, பஸ்கள் நின்றன, போலீசார் வீடுகளில் புகுந்து ஆட்களைப் பிடித்துப்போனார்கள். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்களோ என்று ஊரே என்னைப் போல ஆகியிருந்தது. அன்று காலை கல்வராயன் மலைக்கு பஸ் ஓடுகிறது என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் அன்றைய பேப்பர் ஒன்று வாங்கிக்கொண்டு, மல்லிகாவும் சேர்த்து மூன்று பேரும் ஏறினோம்.

வெள்ளிமலையில் இறங்கி அருவிக்கு நடந்தோம். தனபால் பாறைமேல் நின்று பேப்பரை விரித்துப் பிடித்தான். நான் பத்தடி தள்ளி ஸ்டாண்டை ஊன்றிக் குனிந்தேன்.

"மாமா, கை நோவுது."

"அசையாதடா. இன்னும் நாலு இருக்குது."

"அருவிய எடுக்கலியா மாமா? அதுக்குத்தான வந்தோம்?"

"மொதல்ல லென்ஸு யோக்கியமான்னு தெரியட்டும்."

பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். மல்லிகா தன் அப்பா கொடுத்த பழைய டப்பா கேமராவால் எங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு படம் எடுக்கும் பெட்டி அது. துவாரத்தைக் குறுக்கவும் வழி கிடையாது, தூரத்தை மாற்றவும் வழி கிடையாது.

"அதுல இன்னா வரும்னு பிலிம வீணாக்கற?" என்றேன்.

"வர்றது வரட்டும். நீங்க உங்க வேலையப் பாத்துக்கினு இருங்க" என்றாள்.

பேப்பரை எடுத்தேன், அருவியை எடுத்தேன், முப்பத்தெட்டு வந்தது. பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பார்த்தால் இன்னும் போகிறது! கம்பெனிக்காரன் ஒளித்துவைத்த மூன்றாவது படத்தையும் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அந்த முப்பத்தொன்பதாவதைத் திரும்பும் வழியில் எடுக்கலாம் என்று ரோலைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வைத்தேன்.

திரும்பும் வழியில், கச்சிராயபாளையத்துக்கு முன்னால் பஸ் நின்றது. காலையில் இல்லாத புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. சுற்றிலும் முப்பது நாற்பது பேர். அவர்கள் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, இறங்கி நடந்து போகச் சொன்னார்கள். நான்தான் சந்தேகப்பட்டேன். கேமராவோடு பார்த்தால் போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறவன் என்று நினைப்பார்கள் அல்லவா? கேமராவை மல்லிகாவின் ஒயர்கூடையில் புளிச்சோற்றுத் தூக்குவாளிக்கு அடியில் ஒளித்தேன். ஸ்டாண்டை ஒளிக்க இடமில்லை. மடக்கித் துண்டைச் சுற்றித் தனபால் தோளில் வைத்தேன்.

"நீ முன்னாடி போயி, வரப்பு வழியா சுத்திக்கினு போவ முடியுமான்னு பாரு. ஸ்டாண்ட கீழ போட்ட, கொன்னுடுவேன்" என்றேன்.

அவன் மரத்தருகே போகவும் எதிர்ப்பக்கம் போலீஸ் ஜீப் வரவும் சரியாக இருந்தது. கூட்டம் கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டது. தனபால் மட்டும், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, மூன்று இரும்பு முனைகளைத் தோளில் ஏந்தி ரோட்டின் நடுவில் நின்றான். நான் மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் ஜீப் புழுதிதான் மிச்சம்.

ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ச் சேரும்போது மணி ஐந்து. தனபால் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னான்: "மாமா, ஸ்டாண்டு ஒடையல. கீழ வுடல." அந்தக் கணம் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மேசைமேல் என் ஸ்டாண்டு கிடந்தது.

"இது இன்னாய்யா?"

"போட்டோ ஸ்டாண்டு சார்."

"ஸ்டாண்டுக்கு எதுக்குய்யா ஈட்டி?"

அலுமினியத்தின் குறைபாடுகளை விளக்க ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார். மரம் வெட்டப்பட்டது மத்தியானம். அந்நேரம் இவன் மலைமேல் இருந்தான் என்பதற்கு யார் சாட்சி? நான் என்றேன். நீ அவன் மாமன் என்றார். பஸ் கண்டக்டர் என்றேன். பஸ் மலைக்கே திரும்பிவிட்டது, எப்போது வருமோ என்றார். பிடிபட்டவர்களை மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெயர் வழக்கில் ஏறிவிட்டால் வியாழக்கிழமை வேலை அவ்வளவுதான். வேலை கேட்டு நடந்த போராட்டத்தில், கிடைத்த வேலையை என் ஸ்டாண்டால் இழக்கப்போகிறான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "சார், படம் இருக்குது சார்! இன்னைக்குப் பேப்பர கையில புடிச்சிக்கினு நிக்கறான். நாலு மணியிலேருந்து உங்க கிட்டதான் இருக்கான். அப்ப அந்தப் படம் இன்னைக்குப் பகல்லதான எடுத்திருக்கணும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன், பால்காரரை நான் பார்க்கும் பார்வை அது. "ஏட்டு, நீங்க கூடவே போங்க. இந்தாளு எதையாவது மாத்திடப் போறான். ஒரு நிமிஷம் கூடக் கண்ண எடுக்காதீங்க."

ஏட்டய்யா நல்ல மனிதர், ஆனால் என் ஜாதி: சந்தேக ஜாதி. பொழுது சாயும் நேரத்தில் எங்கள் குளியலறைக்குள் இரண்டு பேரும் நின்றோம். கதவிடுக்கில் துணி அடைத்து விளக்கை அணைத்தேன்.

"யோவ், லைட்ட போடு. கண்ண எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"லைட்டு போட்டா பிலிம் போயிடுங்க."

சற்று யோசித்து, பின்னால் வந்து என் சட்டையையும் வேட்டியின் இடுப்புப் பகுதியையும் சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "இப்ப இன்னா பண்ணுவியோ பண்ணு."

ரோலைத் திருப்பிச் சுற்றினேன். முப்பத்தெட்டு படம் என்றால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கை வலிக்க வேண்டும். அரைச் சுற்றில் கைப்பிடி லேசாகிவிட்டது. பட்டும் படாமலும் சொருகிய நுனி காலையிலேயே நழுவியிருக்கிறது. லீவரை நான் தள்ளத் தள்ளச் சுருளி மட்டும் சுற்றியிருக்கிறது. பிலிம் கூட்டை விட்டு நகரவே இல்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் கூடவே திரும்புகிறதா என்று பார்ப்பது பால பாடம். ஒரு லென்ஸைச் சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்த நான் அதைப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒரு நப்பாசையில் கழுவினேன். விளக்கைப் போட்டதும் பிலிம் கண்ணாடி மாதிரி வந்தது. அதன் வழியாக ஏட்டய்யாவின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"படம் எங்கய்யா?"

நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். கதவைத் திறந்து பார்த்த மல்லிகா என்னைப் பார்த்தாள், வெற்று பிலிமைப் பார்த்தாள். உள்ளே போய் அந்த டப்பா கேமராவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இதுல ஏழு இருக்குது. கழுவுங்க. இதையாவது சந்தேகப்படாம கழுவுங்க."

மறுபடி விளக்கணைத்து, மறுபடி ஏட்டய்யா என் வேட்டியைப் பிடித்துக்கொள்ள, பிலிமைத் தட்டில் ஏற்றி இறக்கிக் கழுவினேன். மூன்றாவது படம். பாறைமேல் தனபால், விரித்த பேப்பர், பின்னால் அருவி. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய நெகடிவ், பேப்பரின் தலைப்பு பூதக்கண்ணாடியில் துல்லியமாகப் படிக்க வந்தது. அவன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது, உச்சிப் பொழுது. எல்லாம் சரி. ஆனால் படத்தின் பாதியை இன்னொன்று அடைத்திருந்தது. ஸ்டாண்டின் முன் குனிந்து நின்ற என் பின்புறம்.

வெட்டி எடுத்துவிட முடியாது. என் ஸ்டாண்டின் இரும்பு முனைகள் அந்தப் பக்கத்தில்தான் தெரிந்தன, ஈட்டியல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. பெரிதாகப் பிரதி போட்டு, காலை எட்டரைக்குக் கொண்டுபோய் நீட்டினேன். சப்-இன்ஸ்பெக்டர் பேப்பர் தலைப்பைப் படித்தார். நான் நிழலை விளக்கினேன், தலையாட்டினார். பிறகு பென்சிலால் அந்தப் பாதியைத் தொட்டார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"மூஞ்சியே தெரியல. எப்படி நம்பறது?"

ஏட்டய்யா ஒரு அடி முன்னால் வந்து விறைப்பாக நின்றார். "இவருதாங்கய்யா. நேத்து ரெண்டு மணி நேரம் பின்னாடி புடிச்சிக்கினு நின்னேன். நல்லாத் தெரியும்."

ஸ்டேஷனே சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த தனபாலும், பயம் எல்லாம் வடிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். படத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை அவன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டான்.

தனபால் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். அவன் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. குடும்பத்தில் அதற்கு 'முப்பத்தொன்பதாவது படம்' என்று பெயர். வருகிற விருந்தாளிகளிடம், "என் வேலைக்குச் சிபாரிசு பண்ணது இதுதாங்க" என்று சுட்டிக் காட்டுவான். எதைச் சுட்டுகிறான் என்று நான் பார்ப்பதில்லை. நான் எதைப் பற்றியாவது அடித்துப் பேசினால் மல்லிகா இன்றைக்கும் கேட்பது ஒரே கேள்வி: "குமிழு திரும்புதான்னு பாத்தீங்களா?"

போன மாதம் தனபாலின் மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. என் புதுக் கேமராவோடு போயிருந்தேன். (பிலிமே கிடையாது, ஆனாலும் மூடியை இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.) எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன். தனபால் நடுவில் நின்றான், சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த அன்றைய பேப்பரை எடுத்து நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தான். பின்னால் மல்லிகா படமெடுக்கப் போனைத் தூக்கும் வளையல் சத்தம் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குனியாமல் எடுக்க எப்போதோ பழகிவிட்டேன்.