வரிக்கு வாய்த்த அம்மா

"மாடியில யாரு சார் இருக்காங்க?"

வீட்டு வரி போட வந்த மோகனப்பிரியா, அளவு டேப்பைச் சுருட்டியபடி சாதாரணமாகத்தான் கேட்டாள். தட்சிணாமூர்த்திக்குத்தான் வேர்த்துவிட்டது. வாடகைக்கு விட்டிருந்தால் வரி எகிறிவிடும் என்று கள்ளிக்குப்பம் டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். டீக்கடையில் சொன்னால் அவருக்கு அது சட்டம்.

"தம்பி குடும்பம் மேடம். வாடகையெல்லாம் கிடையாது."

சமையலறையிலிருந்து மனைவி கமலம் எட்டிப் பார்த்தாள். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து அவளுக்குக் கொழுந்தன் பிறந்திருக்கிறான்!

மாடியில் உண்மையில் இருப்பது, பூந்தமல்லி பட்டறையில் வேலை பார்க்கும் கோகுல்நாத்தும் அவன் தாய் வேம்புலியம்மாளும். அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. கூடுதல் வாடகைக்கு ஒரு ஐ.டி. தம்பதி தயார். அவர்கள் கொடுத்த அட்வான்ஸ்தான் இப்போது ஹாலில் ஏ.சி.யாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

"மாடியையும் அளக்கணும் சார்."

மேலே வேம்புலியம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி அவளுக்கு அவசரமாகக் கண்ணைக் காட்டினார்.

"இன்னா சார், கண்ணுல தூசி வுயிந்துட்ச்சா?"

"இவங்க யாரு?" என்றாள் மோகனப்பிரியா.

தம்பியின் அம்மா தனக்கு வேறு என்னவாக முடியும்? "எங்கம்மா" என்றார்.

வேம்புலியம்மாள் கையிலிருந்த புடவை வாளிக்குள்ளேயே திரும்ப விழுந்தது.

மோகனப்பிரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுவத்தி மூணு" என்று வேம்புலியம்மாள் முந்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

தட்சிணாமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு. "அம்மான்னா... சித்தி மேடம். எங்கப்பா ரெண்டாவதா கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க."

கீழே கரண்டி விழும் சத்தம் கேட்டது. ஹாலில் மாலையோடு தொங்கும் அப்பா சிவராமன், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மணி என்ன என்றுகூடக் கேட்காத மனுஷன். பாவம், செத்த பிறகு இந்தப் பழி.

"அப்பா கட்டின வீடா சார்?"

"ஆமா மேடம். கடைசிவரைக்கும் சித்தியை ராணி மாதிரி வெச்சிருந்தாரு. நானும் அப்படித்தான்."

மோகனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல சித்தியை யாரு சார் இப்படிப் பாத்துக்கிறாங்க? சரி, வாடகை இல்லன்னே போட்டுக்கறேன்."

தட்சிணாமூர்த்திக்கு உலகத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷம். கீழே போய் ஏ.சி.யில் உட்காரலாம் என்று திரும்பினார்.

வேம்புலியம்மாள் புடவையை நிதானமாக உதறிக் கொடியில் போட்டாள். இத்தனை நாள் இல்லாத பாசம் முகத்தில் பொங்கியது.

"ஏம்ப்பா தட்சிணா, மாசம் பொறந்தா காலி பண்ணுன்னு சொன்னியே... என் புருசன் கட்ன ஊட்ட உட்டு நான் இன்னாத்துக்குப்பா போவணும்?"