அதிகாரி நெற்றியில் நான் வைத்த பொட்டு

ஆரத்தி எடுப்பதில், ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் விஜயபுரம் மண்டலத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை, அதே கையால் ஊர் வாயில் மண்ணைப் போடப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. என் மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். எங்கள் காலத்தில் சர்க்கார் பட்டா கொடுத்தது. கிணறு நாங்களே வெட்டினோம். மண் கூடையை நான்தான் சுமந்தேன். அந்தக் கிணற்றில் ஒருநாள் தண்ணீர் சிவப்பாக ஊறியது.

நகரியில் விசைத்தறிகள் பெருகி, துணி வெளிநாட்டுக்குக் கப்பலேறிய காலம். எங்கள் ஓடைக்கரையில் ஒரு சாயப்பட்டறை வந்தது. அது ஓடையில் விட்ட கழிவு எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. வேர்க்கடலைச் செடி கருகியது. என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ரோஸ் நிறமானது. (அவர் அதையே கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தார். மானம் போனது எனக்குத்தான்.)

என் மகன் உட்பட வாலிபப் பிள்ளைகள் எல்லாம் தடா ஊருக்கும் சென்னைக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியது பெண்களும் கிழங்களும். அப்போதுதான் திருப்பதியிலிருந்து ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தார் வந்தார்கள். அதில் மாதவி என்ற பெண் எங்கள் கூடவே அலைந்தாள். திங்கட்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போய் சித்தூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். (நான் கையெழுத்துப் போடக் கற்றதே அந்த மனுவுக்காகத்தான். கட்டைவிரலை மையில் அழுத்த எனக்கு இஷ்டமில்லை.) ஒரு வருஷம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை.

எலக்ஷன் வந்தது. மாதவி ஒரு யோசனை சொன்னாள். ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிக்காரருக்கும் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் நீட்ட வேண்டும், குடிக்கிறவருக்கே எங்கள் ஓட்டு. ஒருவரும் குடிக்கவில்லை. அது பேப்பரில் வந்ததும், விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது.

அந்தத் தகவல் எங்களுக்கு முன்னால் பட்டறைக்குப் போயிருந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள். போதாததற்கு நல்ல மழை வேறு பெய்து, கிணறு யோக்கியன் மாதிரித் தெளிந்து நின்றது. எங்களிடம் மிச்சமிருந்த அத்தாட்சி, மாதவி முன்பே மொண்டு வைத்திருந்த ஒரு பாட்டில் சிவப்புத் தண்ணீர்தான். அதை அதிகாரி கையாலேயே எடுத்து சீல் வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புகார் பொய் என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள் என்றாள்.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வாசலுக்கு வருகிறவருக்கு ஆரத்தி எடுக்காமல் இருப்பது என் வழக்கம் இல்லை என்று பிடிவாதம் பிடித்தேன். நாம் நியாயம் கேட்கிறோம், உபசாரம் எதற்கு என்று மாதவி சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. பாட்டில் தண்ணீரையும் அகலமாக ஊற்றி வைத்தால்தான் நிறம் தெரியும் என்று சொல்லி, என் கல்யாணச் சீரில் வந்த இரண்டு பித்தளைத் தாம்பாளங்களை எடுத்துக் கொடுத்தேன். (எங்கள் தெருவில் அப்படி ஜோடித் தாம்பாளம் யாரிடமும் கிடையாது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி. இரண்டும் ஒரே சிவப்பு. பெஞ்சின் மேல் வைத்து வாழையிலையால் மூடினோம். இடது பக்கம் கிணறு, வலது பக்கம் ஆரத்தி என்று மருமகள் செல்வி எனக்கு இரண்டு தடவை சொன்னாள்.

நகரி ரோட்டில் வரவேண்டிய ஜீப் எதிர்த்திசையில் நாகலாபுரம் பக்கமாக வந்தது. அவசரத்தில் பெஞ்சைத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். தட்டுகளும் கூடவே திரும்பின. என் புத்தி திரும்பவில்லை.

வலது தட்டில் வெற்றிலையும் கற்பூரமும் வைத்து ஏற்றினேன். செல்வி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தெ, செத்த நில்லு."

"எனக்கே கத்துக் குடுக்க வந்துட்டியாடி?" என்று பல்லைக் கடித்தேன்.

மூன்று சுற்று சுற்றினேன். விரலைத் தோய்த்து அதிகாரி நெற்றியில் அகலமாக ஒரு பொட்டு வைத்தேன். பிறகு தட்டோடு முச்சந்திக்கு நடந்தேன். என் மாமியார் விதித்த சட்டம் ஒன்று உண்டு: ஆரத்தியை ஊற்றப் போகும்போது யாரோடும் பேசக்கூடாது, திரும்பியும் பார்க்கக்கூடாது. பின்னால் செல்வி, "அத்தெ, ஊத்தாதெ, ஊத்தாதெ" என்று ஓடிவருவது காதில் விழுந்தது. நான் சட்டத்தை மீறாதவள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டுத்தான் திரும்பினேன்.

அவள் முகத்தைப் பார்த்ததும்தான், ஊற்றியது எந்தத் தட்டு என்று எனக்குப் புரிந்தது.

அங்கே மாதவி மற்ற தட்டின் இலையை எடுத்திருந்தாள். அதிகாரி குனிந்து மோந்து பார்த்தார்.

"இதி பசுப்பு, சுன்னம் கதா?" என்றார் தெலுங்கில். மஞ்சளும் சுண்ணாம்பும்தானே என்று அர்த்தம்.

பட்டறைக்கு இடம் கொடுத்த பஞ்சாயத்து பிரசிடெண்டு பக்கத்திலேயே நின்றார். "நான் சொல்லல சார்? மஞ்சத் தண்ணிய வெச்சிகினு ஒரு வருசமா நாடகம் ஆட்றாங்க" என்றார்.

பொய்ப் புகாருக்கு எல்லார் மேலும் கேஸ் போட முடியும் என்றார் அதிகாரி. மாதவி என்னைப் பார்த்தாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சித்தூரில் கலெக்டரையே மடக்கிய வாயிலிருந்து அன்றைக்குக் காற்றுதான் வந்தது. நான் சுமந்த மண் கூடைகள் எல்லாம் ஒன்றாய் என் தலைமேல் வந்து இறங்கின.

அதிகாரி ஜீப்பில் ஏறப் போனார். ஏறுமுன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துணி சிவந்தது, பொட்டு அப்படியே இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினார். சோப்புக் கேட்டார். பொட்டு இன்னும் பளிச்சென்று ஆனது.

செல்வி முன்னால் வந்தாள். பிரசிடெண்டு எதிரில் அதுவரை வாய் திறக்காதவள்.

"மஞ்ச சுண்ணாம்பா இருந்தா சோப்புக்குப் போயிருக்கும் சார். எங்க அத்தெ தட்ட மாத்திட்டாங்க. உங்க நெத்தியில கீது பாருங்க, அதான் எங்க கெணத்துத் தண்ணி."

அதிகாரி ஜீப் கண்ணாடியில் வெகுநேரம் தன்னைப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை மடித்து ஒரு கவரில் போட்டார், அரக்கு வைத்தார், சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். நான் போட்டேன். (என் விரலும் சிவந்திருந்தது. அதையும் கவரில் கேட்டுவிடுவாரோ என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.)

பட்டறையை மூட இன்னும் இரண்டு மழைக்காலமும் எத்தனையோ திங்கட்கிழமைகளும் ஆயின. ஆனால் ஃபைலை மூட முடியவில்லை. மூடப் போனவர்களுக்கெல்லாம் உள்ளே அந்தக் கைக்குட்டை இருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் தட்டோடு வந்தால், மாப்பிள்ளை கையில் யாராவது ஒரு வெள்ளைக் கைக்குட்டையைத் திணித்துவிடுகிறார்கள். பொட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டுமாம். நான் கண்டுகொள்வதில்லை. ஆனால் முச்சந்தியில் ஊற்றுமுன் இப்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். (மாமியார் மன்னிக்கட்டும்.) வாசலில் நிற்கும் செல்வி, சரி, ஊற்று என்று தலையாட்டிய பிறகுதான் தட்டைக் கவிழ்க்கிறேன்.